அந்நிய வில்லைகளின் கதை

எனது மேசை இலாச்சியில் ஒரு நெகட்டிவ் துண்டு கிடக்கின்றது. ஆறு படங்கள் கொண்ட அத்துண்டின் நான்காவது படத்தில் ஒரு மூதாட்டி இருக்கின்றார். 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில், ஜாம் போத்தல் விளக்குகளின் வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட படம் அது. அவருடைய நெற்றியோரத்து நரைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்கள் மாத்திரம் மங்கலாக இருக்கின்றன.

அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடங்கள்கூட ஆகவில்லை. கலைப்பீடப் படிப்பை ஒரு கையிலும் குறிப்புப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஓடித் திரிந்த காலம். எங்கள் பத்திரிகையின் படப்பிடிப்பாளரை நாம் எல்லோரும் ‘அண்ணை’ என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகின்றேன். அந்நாட்களில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதை வாசகர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பற்றரியில் இயங்கும் புதிய கமராக்கள் அலுமாரியில் உறங்க, பற்றரியே வேண்டாத ஒரு பழைய கமரா அண்ணையின் தோளில் மீண்டும் ஏறியது. 1950களில் செய்யப்பட்ட அந்தக் கமராவுக்கு உரிய வில்லையைப் பூஞ்சணம் எப்போதோ தின்றுவிட்டது. மொஸ்கோவில் படித்துத் திரும்பிய ஒருவரிடம் வாங்கிய சோவியத் வில்லை ஒன்றை அதன் இடத்தில் அண்ணை பூட்டியிருந்தார். கமராவும் வில்லையும் வெவ்வேறு நாட்டவை. ஆனாலும் திருகுப்புரி பொருந்தியது. உள்ளே போய் இறுகி நின்றது. வேறென்ன வேண்டும் என்று தான் நாம் நினைத்தோம்.

பகலில் அந்த வில்லை எடுத்த படங்களில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நல்லூர்க் கோபுரத்தைத் தூரத்தில் நின்று எடுத்தால் பொம்மைகளின் விரல்கள்கூடத் தெரிந்தன. அன்றிரவு நிலைமை வேறு. பிளாஷ் கிடையாது, அதற்கும் பற்றரி வேண்டும். இருந்த மூன்று விளக்குகளையும் ஒன்றாக வைத்து, வில்லையின் துவாரத்தை எஃப் 1.5 என்ற முழு அளவுக்குத் திறந்து, முழங்கைகளை ஒரு மேசையில் ஊன்றி, மூன்றரை அடி தூரத்திலிருந்து அந்த அம்மாவின் கண்களைக் குறிவைத்து அண்ணை படமெடுத்தார்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகன். ஐரோப்பாவுக்குப் போய்விட்டான். 1990இல் வீட்டை விட்டு ஓடியபோது அல்பம் அங்கேயே கிடந்துவிட்டது. “என்ரை படம் ஒண்டு அவனுக்கு அனுப்ப வேணும் தம்பி” என்று என்னிடம் தான் முதலில் கேட்டார். செய்திக்காகப் போன எங்களுக்கு அது ஒரு சிறிய உபகாரமாகவே தோன்றியது.

பிலிமைக் கழுவிப் பார்த்த அண்ணை வெகுநேரம் பேசவில்லை. “கண்ணைத்தான் பிடிச்சனான், தலைமயிர் வந்திருக்குது” என்றார். இன்னொரு நாள் போய் நல்லதாக ஒன்று எடுப்போம் என்று முடிவாயிற்று. பிலிம் கிடைக்கவில்லை, பிறகு வேறு வேலை, பிறகு வேறு செய்தி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அண்ணை தூக்கிச் சென்ற பொருள்களுள் நெகட்டிவ்கள் அடங்கிய ஒரு பிஸ்கற் ரின்னும் இருந்தது. அந்த அம்மா அடுத்த வருடம் அங்கேயே காலமாகிவிட்டார் என்று பின்னர் அறிந்தோம்.

சமாதான காலத்தில், 2003இல், மகன் தேடி வந்தார். அண்ணை அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அவர் அதைச் சன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “தலைமயிர் ஒவ்வொண்டாத் தெரியுது. அம்மாதான் என்னைப் பாக்கேல்லை” என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. நன்றி கூறித்தான் விடைபெற்றார். ஆனால் அதன் பின் அண்ணை கமராவைத் தொட்டதை நான் காணவில்லை. தம் கண்பார்வை அப்போதே பழுதாகியிருந்தது, அதை மறைத்துத் தொழில் செய்துவிட்டேன் என்பது அவருடைய எண்ணம். நெகட்டிவை என்னிடம் தந்துவிட்டார்.

தவறு அவருடைய கண்ணில் இருக்கவில்லை. கமராவிலும் இல்லை, வில்லையிலும் இல்லை. இரண்டும் செய்யவேண்டியதைச் செய்தன. இதை நான் விளங்கிக்கொள்ள மேலும் பல வருடங்கள் சென்றன. அந்த மங்கலின் காரணத்தைத் தேடினால் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஜேர்மனிக்குத் தான் போகவேண்டியிருக்கின்றது.

வெற்ஸ்லார் நகரில் லெய்ற்ஸ் என்ற நிறுவனம் நுணுக்குக்காட்டிகள் செய்துவந்தது. அங்கு பணியாற்றிய ஒஸ்கார் பார்னக் சினிமாப் பிலிமைப் பயன்படுத்தும் கையடக்கக் கமரா ஒன்றை முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னரே செய்து பார்த்திருந்தார். அதன் வழிவந்த லைக்கா 1925இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. அதன் வில்லை கழற்ற முடியாதது. 1930இல் கழற்றக்கூடிய திருகு வில்லை வந்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. கமராவின் முகப்பிலிருந்து பிலிம் வரையுள்ள தூரம் கமராவுக்குக் கமரா சிறிதளவு வேறுபட்டது. ஆகவே ஒவ்வொரு வில்லையையும் ஒவ்வொரு கமராவுக்கென்றே சரிசெய்து இலக்கமிட்டுக் கொடுத்தார்கள். என் வில்லை உங்கள் கமராவில் ஏறும், ஆனால் படம் தெளியாது.

1931இல் லெய்ற்ஸ் அந்தத் தூரத்தை 28.8 மில்லிமீற்றர் என்று நிலைப்படுத்தியது. அவ்வாறு சரிசெய்யப்பட்டவற்றில் ‘0’ என்ற ஒரு சிறு குறி பொறிக்கப்பட்டது. பூச்சியம் பொறித்த எந்த வில்லையும் பூச்சியம் பொறித்த எந்த உடலிலும் வேலை செய்யும். தன் வாடிக்கையாளரின் வசதிக்காக லெய்ற்ஸ் செய்த காரியம் இது. ஆனால் அளவு நிலையானதும் உலகில் எவரும் அந்த வாய்க்கு வில்லை செய்யலாம் என்றாகிவிட்டது. தன் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் திறந்த படலை வழியே ஊர் முழுவதும் வந்து போகத் தொடங்கியது.

அந்தத் திருகு வாயின் அளவே விசித்திரமானது. விட்டம் 39 மில்லிமீற்றர். புரியோ ஓர் அங்குலத்துக்கு 26. மில்லிமீற்றரும் அங்குலமும் ஒரே வளையத்தில் குடித்தனம் நடத்தின. பின்னாளில் பிரதிசெய்தோர் சிலர் புரி இடைவெளியை ஒரு மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொண்டார்கள். அசலின் இடைவெளி 0.977 மில்லிமீற்றர். இரண்டும் ஒன்றிலொன்று ஏறிவிடும், சில சமயம் கடைசிச் சுற்றில் முனகும். கைக்கு அகப்படும் வேற்றுமை என்பதால் இதனாற் பெருந்தீங்கில்லை.

தீங்கு கைக்கு அகப்படாத இடத்தில் இருந்தது. 1932இல் வந்த இரண்டாவது லைக்காவில் தூரமானி சேர்க்கப்பட்டது. இவ்வகைக் கமராவில் நாம் பார்ப்பது வில்லை வழியாக அல்ல, மேலேயுள்ள சிறு சன்னல்கள் வழியாக. ஒரே பொருள் இரண்டு உருவமாகத் தெரியும். வில்லையைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடமே சரியான தூரம். வில்லை முன்னும் பின்னும் நகரும்போது அதன் பின் விளிம்பு கமராவுக்குள் இருக்கும் ஒரு சிறிய உருளையைத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தூரமானி தூரமாக மொழிபெயர்க்கும். எஸ்.எல்.ஆர். கமராவிற் போல வில்லை காண்பதை நாம் காண்பதில்லை. வில்லை சொல்லும் கணக்கை நம்புகின்றோம், அவ்வளவே.

அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஓர் எண் உண்டு. வில்லையின் நெற்றியில் 50 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் லைக்காவின் நியம வில்லையினது உண்மையான குவியத்தூரம் 51.6 மில்லிமீற்றர். தூரமானி அந்த எண்ணை வைத்தே கணக்குப் பார்க்கின்றது. நெற்றியில் பொறிக்கப்படாத எண் இது.

அதே 1932இல் டிரெஸ்டன் நகரின் ஸைஸ் இகோன் நிறுவனம் கொன்ராக்ஸ் என்ற கமராவை வெளியிட்டது. லைக்காவுக்குப் போட்டியாகவே அது பிறந்தது. திருகுப்புரி அதில் இல்லை. வில்லையைச் செருகித் திருப்பிப் பூட்டவேண்டும். வில்லையை முன்பின் நகர்த்தும் பொறியும் கமராவின் வாயிலேயே இருந்தது. ஒருவருடைய வில்லை மற்றவருடைய கமராவில் ஏறவே ஏறாது. இதிற் காரியம் இருந்தது என்றே நான் நினைக்கின்றேன். லெய்ற்ஸிடம் நல்ல கமரா இருந்தது. ஸைஸிடம் அதைவிட வேகமான வில்லை இருந்தது. லூட்விக் பேர்ற்றெலே வகுத்த ஸொனார் வில்லை அக்காலத்தில் ஓர் அதிசயம். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியின் ஒரு பகுதி தெறித்து வீணாகும். மேற்பூச்சு இன்னும் வழக்கத்துக்கு வராத நாட்கள். பேர்ற்றெலே ஏழு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டினார். காற்றைச் சந்திக்கும் பரப்புகள் ஆறாகக் குறைந்தன. எஃப் 1.5 என்ற அகன்ற துவாரத்திலும் படம் வெளுத்துப் போகவில்லை. மங்கிய வெளிச்சத்திற் படமெடுக்கும் பத்திரிகைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை விளக்கவேண்டியதில்லை. லைக்கா உடலில் ஸொனார் வில்லை என்பது அக்காலப் படப்பிடிப்பாளர் பலரின் கனவாக இருந்தது.

கொன்ராக்ஸின் மறைவான எண் 52.4. லைக்காவின் எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் 0.8 மில்லிமீற்றர். இரு வீட்டாரும் கொண்டு கொடுக்காத வரையில் அது ஒரு பொருட்டேயல்ல.

போர் அவர்களைச் சம்பந்திகளாக்கியது. ஸைஸின் வில்லைத் தொழிற்சாலை இருந்த யேனா நகரை 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை கைப்பற்றியது. சோவியத் படையிடம் நகரைக் கையளிக்கும் முன்னர் ஸைஸ் நிபுணர்களில் முக்கியமானவர்களை அமெரிக்கர் மேற்கே அழைத்துச் சென்றனர். எஞ்சிய இயந்திரங்களையும் தொழில்நுட்பவியலாளரையும் 1946இல் சோவியத் ஒன்றியம் தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. போர் நட்டஈட்டின் பெயரால் நடந்த காரியம் இது. கொன்ராக்ஸ், கியெவ் நகரின் ஆர்சனல் தொழிற்சாலையில் ‘கியெவ்’ என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. ஸொனார் வில்லைகள் மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க்கில் செய்யப்பட்டு, சில ஆண்டுகளில் ‘யூப்பிற்றர்’ என்ற பெயரைப் பெற்றன.

சோவியத் நாட்டில் அதற்கு முன்பே லைக்காவின் பிரதியொன்று இருந்ததையும் சொல்லவேண்டும். கார்க்கிவ் நகரில், அநாதைச் சிறுவர்களுக்காக அமைக்கப்பட்டு, கல்வியாளர் அந்தோன் மக்காரென்கோ வழிநடத்திய கொம்யூனில் 1934 முதல் ‘ஃபெட்’ கமரா பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. தமிழில் மக்காரென்கோவை வாசித்த ஒரு தலைமுறை நம்மிடையே உண்டு. அவருடைய பிள்ளைகள் கமரா செய்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரம்பகால ஃபெட் கமராக்களிலும் முகப்புக்கும் பிலிமுக்கும் இடைப்பட்ட தூரம் நிலையாக இருக்கவில்லை. லெய்ற்ஸ் 1931இல் தாண்டிய அதே பள்ளத்தில் அவர்களும் விழுந்து எழுந்தார்கள்.

ஆக, போருக்குப் பின்னர் சோவியத் நாட்டில் இரண்டு கமராக் குடும்பங்கள் அருகருகே வளர்ந்தன. திருகு வாய் கொண்ட ஃபெட், ஸோர்க்கி ஒருபுறம், கொன்ராக்ஸ் வாய் கொண்ட கியெவ் மறுபுறம். ஸொனார் வழிவந்த வில்லைகளை இரண்டு வாய்களுக்கும் செய்தார்கள். 39 மில்லிமீற்றர் திருகுப்புரிக்குள் ஸைஸின் கண்ணாடி குடியேறியது இவ்வாறுதான். முன்னைய தலைமுறையின் கனவு நனவாயிற்று. ஆனால் அந்த வில்லைகள் 52.4 என்ற எண்ணையே உள்ளே சுமந்து வந்தன. சோவியத் கமராவில் பூட்டினால் வில்லையும் கமராவும் ஒரே கணக்கைப் பேசும். 51.6 கணக்குப் பார்க்கும் உடலில் பூட்டினாற் தான் வில்லங்கம்.

இதே காலத்தில் யப்பானில் நடந்தது வேறு கதை. அந்நிய வில்லைகளின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான்.

1917இல் ரோக்கியோவில் தொடங்கப்பட்ட நிப்பொன் கோகாக்கு நிறுவனம் யப்பானியப் படைகளுக்குக் கண்ணாடிக் கருவிகள் செய்துவந்தது. போரில் தோற்ற பின்னர் பிழைக்க வழி தேடவேண்டியிருந்தது. லைக்காவின் திருகு வாய்க்கும் கொன்ராக்ஸின் வாய்க்கும் பொருந்தும் நிக்கோர் வில்லைகளைச் செய்து விற்றார்கள். யப்பானியப் பொருள் என்றால் மலிவுப் பொருள் என்ற எண்ணம் மேற்கில் வேரூன்றியிருந்த நாட்கள் அவை.

1950 கோடையில் ‘லைஃப்’ சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் ரோக்கியோவில் தங்கியிருந்தார். அதே சஞ்சிகைக்குப் பணியாற்றிய ஜுன் மிக்கி என்ற இளம் யப்பானியர் 85 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லை பூட்டிய கமராவால் டங்கனைப் படமெடுத்தார். பிரதியைக் கண்ட டங்கன் அதன் தெளிவை நம்பவில்லை. நண்பர் ஹொறஸ் பிறிஸ்டலுடன் தொழிற்சாலைக்கே சென்றார். தம் ஜேர்மன் வில்லைகளையும் நிக்கோர் வில்லைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, தம் லைக்காக்களுக்கு நிக்கோர் வில்லைகளை வாங்கினார். ஜூன் 25ஆம் திகதி கொரியப் போர் வெடித்தது. டங்கன் போர்முனைக்கு எடுத்துச் சென்றது ஜேர்மன் உடலும் யப்பானியக் கண்ணும் கொண்ட கமராக்களை. அவர் அனுப்பிய படங்களைக் கண்ட நியூயோர்க் வியந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை யப்பானியக் கமராவையும் வில்லைகளையும் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அக்கொரியப் படங்கள் 1951இல் நூலாகவும் வந்தன. டங்கன் 2018இல் தமது 102ஆவது வயதில் காலமானார்.

ஒரு படப்பிடிப்பாளர் இன்னொருவரை எடுத்த ஒரே ஒரு படம் ஒரு நாட்டின் தொழிலையே தூக்கி நிறுத்தியது என்று எழுதுவது எங்கள் தொழிலுக்கே உரிய மிகைப்படுத்தல். வில்லை நல்லதாக இருந்தது, போர் வந்தது, இரண்டும் சேர்ந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். டங்கனின் லைக்காவில் நிக்கோர் இணங்கி நடந்ததற்குக் காரணம் புரி மாத்திரமல்ல. லைக்காவுக்கென்று செய்த வில்லையில் யப்பானியர் லைக்காவின் மறைவான எண்ணையும் பின்பற்றினார்கள்.

அவர்கள் 1948இல் வெளியிட்ட சொந்தக் கமராவான நிக்கோன் அதற்கு வேடிக்கையான சான்று. வெளித்தோற்றத்திலும் வாயிலும் அது கொன்ராக்ஸ். உள்ளே ஓடிய துணித்திரை ஷட்டர் லைக்கா வழிவந்தது. கணக்கோ 51.6. ஆகவே கொன்ராக்ஸ் வில்லை நிக்கோனில் அழகாக ஏறிப் பூட்டிக்கொள்ளும். அகலக்கோண வில்லையென்றால் படமும் பிழைக்காது. 85, 135 மில்லிமீற்றர் போன்ற தூர வில்லைகளை அகலத் திறந்து அருகில் எடுத்தால் குறி தப்பும். 1954 மே 25ஆம் திகதி இந்தோசீனாவில் கண்ணிவெடியில் சிக்கி மடிந்த றொபேர்ட் கப்பாவிடம் அன்று ஒரு கொன்ராக்ஸும் ஒரு நிக்கோனும் இருந்தன. பார்வைக்குச் சகோதரர் போன்ற அவ்விரண்டும் உள்ளே வேறு வேறு கணக்குப் பார்த்தவை.

அதே 1954இல் லெய்ற்ஸ், திருகு வாய்க்குப் பதிலாகச் செருகிப் பூட்டும் வாய் கொண்ட எம்3 கமராவை வெளியிட்டது. முகப்புக்கும் பிலிமுக்கும் இடைத்தூரம் 27.8 மில்லிமீற்றர் ஆயிற்று. பழையதிலிருந்து சரியாக ஒரு மில்லிமீற்றர் குறைவு. ஏன் என்றால், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையமொன்றை இடையில் வைத்தால் அதுவரை செய்யப்பட்ட திருகு வில்லைகள் எல்லாம் புதிய கமராவிலும் வேலை செய்யும். பழைய வாடிக்கையாளரைக் கைவிடாத இந்தக் காரியத்தை நான் மெச்சுகின்றேன். தன் வில்லைகளை மனத்தில் வைத்தே லெய்ற்ஸ் இதைச் செய்திருக்கும், அந்நிய வில்லைகளும் அதே வளையத்தில் ஏறி வந்துவிட்டன. 1999இல் யப்பானின் கொசினா நிறுவனம் மீண்டும் திருகு வாய்க் கமராவும் வில்லைகளும் செய்யத் தொடங்கும் அளவுக்கு அந்த 39 மில்லிமீற்றர் நீடித்து நின்றது.

பழைய வில்லைகளை இப்போது தேடி வாங்கும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சோவியத் ஸெனித் கமராவின் ஆரம்பகால வில்லைகளும் 39 மில்லிமீற்றர் திருகுதான். ஆனால் அவை 45.2 மில்லிமீற்றர் இடைத்தூரத்துக்குச் செய்யப்பட்டவை. தூரமானிக் கமராவில் பூட்டினால் எந்தத் தூரத்திலும் தெளிவு வராது. புரி ஒன்றுதான் என்று விற்பவர் சொல்வார். அவர் சொல்வது பொய்யுமல்ல.

இனி அந்த மூதாட்டியின் படத்துக்கு வருகின்றேன். கலைப்பட்டதாரியான நான் பாடசாலைப் பௌதிகத்தை மறுபடி தூசி தட்டி எடுக்கவேண்டியிருந்தது. ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகம் தெளிவாக விழ, 51.6 வில்லை 2.81 மில்லிமீற்றர் முன்னே நகரவேண்டும். 52.4 வில்லை 2.90 மில்லிமீற்றர் நகரவேண்டும். வித்தியாசம் 0.09 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு தாளின் தடிப்பு. அண்ணையின் கமரா 2.81இலேயே இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கிக் காட்டியிருக்கும். அவரும் அங்கேயே நிறுத்தியிருப்பார். அந்த நிலையில் சோவியத் வில்லை தெளிவாகக் காண்பது கண்களையல்ல, கண்களுக்கு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் பின்னால் உள்ளதை. எஃப் 1.5இல் தெளிவின் எல்லை முன்னும் பின்னும் 2 சென்ரிமீற்றரைத் தாண்டாது. கண் தப்பும், நெற்றியோரத்து மயிர் அகப்படும். படத்தில் இருப்பது அதுவே.

பகற்படங்கள் ஏன் பிழைக்கவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினால் தெளிவின் எல்லை முன்னும் பின்னும் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் வரை விரிந்து பிழையை விழுங்கிவிடும். கோபுரம் போன்ற தூரப் பொருளுக்கு இரண்டு கணக்குகளும் ஒன்றே. வில்லை தன் வேற்றுமையைக் காட்ட அருகாமையும் இருளும் ஒருங்கே வேண்டியிருந்தன. மின்சாரம் இருந்திருந்தால், அல்லது பிளாஷுக்கு நான்கு பற்றரிகள் இருந்திருந்தால், அண்ணை துவாரத்தைச் சுருக்கியிருப்பார், நாமும் எதையும் அறிந்திருக்கமாட்டோம். வில்லைத் தொகுதியின் அடியிலுள்ள மெல்லிய வளையத்தின் தடிப்பை மாற்றி இதைச் சரிசெய்யும் திருத்துநர்கள் உலகில் இருக்கின்றார்கள். 1993இன் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்லித்தர எவர் இருந்தார்?

2022இல் ஊருக்குப் போனபோது கொக்குவிலில் அண்ணையைப் பார்க்கச் சென்றேன். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். அந்தச் சோவியத் வில்லையை ஒரு துணியில் சுற்றி இன்னும் வைத்திருந்தார். நான் கொண்டுபோன டிஜிற்றல் கமராவில் ஓர் இணைப்பு வளையத்தின் உதவியுடன் அதைப் பூட்டினேன். இவ்வகைக் கமராவில் தூரமானி கிடையாது. வில்லை காண்பதையே திரையில் நாமும் காண்கின்றோம், 51.6உம் 52.4உம் அங்கு சண்டையிட இடமில்லை. விறாந்தையில் மூன்றரை அடி தள்ளியிருந்து, துவாரத்தை முழுமையாகத் திறந்து, அண்ணையைப் படமெடுத்தேன். இரண்டு கண்களும் ஈரம் தெரியும் அளவுக்குத் தெளிவாக விழுந்தன.

பிறகு ஒரு கொப்பித் தாளை எடுத்து நான் மேலே எழுதிய கணக்கைப் போட்டுக் காட்டினேன். தாளின் விளிம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து, இவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அண்ணை அந்தத் தாளை வாங்கி, தாமும் விரல்களுக்கிடையே வைத்துப் பார்த்தார்.

“அப்ப உருவம் ரெண்டும் ஒண்டாப் பொருந்தின பிறகு, நான் ஒரு இஞ்சி பின்னுக்குச் சாய்ஞ்சிருந்தாக் காணும், என்ன?” என்று கேட்டார்.

ஓம் என்றேன்.